தாய்வீடு, மூன்றாவது மாடி

பத்து எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து. சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, வயிற்றில் பிள்ளை அசைகிற ஒவ்வொரு தடவையையும் எண்ணி வரவேண்டும். பத்து வந்துவிட்டால் பயமில்லை, வராவிட்டால் யோசித்துக்கொண்டு நிற்காமல் கிளம்பி வந்துவிடுங்கள் என்று டாக்டரம்மா போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவருக்கு ஒரு நாளைக்கு இப்படி நாற்பது வயிறு. செல்வபாக்கியத்துக்கு ஒன்றே ஒன்று, அதுவும் உள்ளே படுக்கையறையில் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு படுத்திருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு மகளின் முகத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவளை ஐந்தாவது நிமிஷமே கவிப்ரியா எழுப்பிவிட்டுவிட்டாள். நீ இப்படி முழிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா பிள்ளை எங்கே அசையும், எனக்கே மூச்சு நின்னுரும் போலிருக்கு, வெளியே போய் உட்காரு என்றாள். ஒப்பந்தம் ஒன்று போட்டுக்கொண்ட பிறகுதான் செல்வபாக்கியம் நகர்ந்தாள். அசைந்தால் கவி வளையலைக் குலுக்க வேண்டும், ஒரு குலுக்கலுக்கு ஓர் அசைவு. ஏழாம் மாத வளைகாப்பில் அடுக்கிய கண்ணாடி வளையல்கள் இந்த வேலைக்கும் உதவும் என்று வளையல்காரருக்கே தெரிந்திருக்காது. இப்போது கூடத்துச் சோபாவில், மடியில் ஊறவைத்த மொச்சைச் சட்டியோடு, காதை மட்டும் உள்ளே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். விரல்கள் பாட்டுக்கு மொச்சையைப் பிதுக்குகின்றன, தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். வளையல் சத்தம் கேட்டால் ஒரு பருப்பை எடுத்து எதிரே இருக்கிற கண்ணாடி டீப்பாயில் வைப்பதாகக் கணக்கு. இரண்டு பத்துக்கு ஆரம்பித்தது. இரண்டே காலுக்கு ஒன்று, அடுத்து உடனே ஒன்று, இரண்டே முக்காலுக்கு ஒன்று. மூன்று பருப்பு. நடுவில் லேசாக ஒரு சத்தம் கேட்டது, அது குலுக்கலா இல்லை கழுத்தைச் சொறிந்ததா என்று தெரியவில்லை. அதை வைக்கலாமா என்று பருப்பை விரலில் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பொய்க்கணக்கு யாருக்கு உதவும் என்று சட்டியிலேயே போட்டுவிட்டாள்.

நல்லாத்தானே இருந்தது. நேற்று ராத்திரிகூட உள்ளே பந்து விளையாடுகிற மாதிரி ஒரே உதை, கவி சிரித்துக்கொண்டே நைட்டியை இழுத்துப் பிடித்துக் காட்டினாள், அதோ முட்டுது பாரும்மா என்றாள். பார்த்துக் கண்ணு வைத்தது நான்தானோ. பெத்தவள் கண்ணு பொல்லாத கண்ணு என்று சும்மாவா சொல்கிறார்கள். இல்லை, கண்ணு இல்லை, அந்தக் கார். போன வியாழக்கிழமை பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் மருமகன் வீட்டிலிருந்து இந்த அல்சூருக்கு அழைத்து வந்த கார் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கித் தூக்கிப் போட்டது. கவி மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வந்தாள், அம்மா மனசு நோகக் கூடாதென்று. கார்க்காரரை மெதுவாகப் போகச் சொல்ல செல்வபாக்கியத்துக்குக் கன்னடம் வராது, அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும் என்று இறங்கும்போதுதான் தெரிந்தது. யார் அழைத்து வரச் சொன்னார்கள்? சம்பந்தியம்மா தங்கமாகத்தான் சொன்னார்கள். மதினி, நீங்க ஏன் சிரமப்படணும், இங்கே பதினோராவது மாடியிலே எல்லா வசதியும் இருக்கு, நீங்களும் வந்து எங்களோட இருந்துக்கோங்க, பிள்ளை நல்லபடியா பிறக்கட்டும் என்றார்கள். டாக்டரம்மாவும் எட்டாம் மாதத்திலேயே சொல்லிவிட்டார், கோவில்பட்டிக்கு ரயிலில் ராத்திரி முழுக்க ஆட்டிக்கொண்டு போகிற வேலையெல்லாம் கூடாது, இங்கேயேதான் பிரசவம் என்று. அதோடு விட்டிருக்கலாம். விட்டாளா செல்வபாக்கியம்? முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தாய்வீட்டுக்குப் பெண்ணைக் கொண்டு போக முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு தாய்வீட்டைப் பிடிக்க வேண்டியதுதானே என்று மருமகன் ராஜவேலிடம் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, செல்போனில் தட்டி, ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷத்தில் சமையலறையோடு ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்ட் பிடித்துக் கொடுத்தார். மூன்றாவது மாடி, முந்நூற்று நாலு. அட்டையைச் சொருகினால்தான் விளக்கு எரியும். ஒன்பதாம் மாதம், ஒற்றைப்படை, வளர்பிறை வியாழன், எல்லாம் பார்த்துத்தான் அழைத்து வந்தாள். வேகத்தடையை மட்டும் எந்தப் பஞ்சாங்கமும் சொல்லவில்லை.

வந்து எட்டு நாளாகிறது. எட்டு நாளும் கவி போனில் யாரிடம் பேசினாலும், ஹோட்டல்ல இருக்கேன், ஹோட்டல்லதான், ஆமா ஹோட்டலுக்கு வந்துட்டேன் என்றுதான் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் செல்வபாக்கியத்துக்குச் செருப்புக்குள் சின்னக் கல் ஏறினாற்போல் இருக்கும். பிள்ளை பொய்யா சொல்கிறது? கதவில் எண் ஒட்டியிருக்கிறது, குளியலறையில் கட்டைவிரல் பருமனுக்குச் சோப்பு வைத்திருக்கிறது. சமையலறைச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது, அதைக் கவி வாசித்துக் காட்டினாள்: தட்டு இரண்டு, கிண்ணம் இரண்டு, கரண்டி இரண்டு, டம்ளர் இரண்டு. எல்லாம் இரண்டு இரண்டு. மூன்றாவதாக ஒரு ஆள் வரப்போவது இந்த வீட்டுக்குத் தெரியவே தெரியாது. கவி அப்பா தங்கராசு ஊரிலிருந்து போனில், அது எப்படி புள்ள நம்ம வீடாகும், ரூம்பு எடுத்துத் தங்குறதுக்குப் பேரு வீடா என்று கேட்டதற்கு, பால் காய்ச்சினா எந்த இடமும் வீடுதான் என்று செல்வபாக்கியம் வாயடித்திருந்தாள். வாயடித்தாளே தவிர அதிலும் கோட்டை விட்டாள். பாத்திரக்கடை தங்கராசு பெண்டாட்டி, வேறு கடையிலா வாங்குவாள்? புதுசாகப் பித்தளைச் சட்டி ஒன்றைத் துணியில் சுற்றி ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். இங்கே இருப்பது கரண்ட் அடுப்பு. பித்தளையை வைத்ததும் கீ கீ என்று கத்தி, சிவப்பாக ஒரு எழுத்தைக் காட்டிவிட்டு அணைந்துபோனது. முப்பது வருஷம் பாத்திரத்தோடு புழங்கினவளை ஒரு கண்ணாடித் தகடு பரிகாசம் பண்ணியது. சரியென்று இங்கே கிடந்த எவர்சில்வர் சட்டியில் பாலை ஊற்றி வைத்தாள், கவியும் எட்டி நின்று பார்த்தாள். பால் நுரைத்து, விளிம்பு வரை ஏறி, இதோ வழியப் போகிறது என்கிற நேரத்தில் செல்வபாக்கியத்தின் கை அது பாட்டுக்குப் போய் பட்டனை அமுக்கிவிட்டது. பால் பொங்குவதற்கு முன்னால் அடுப்பை அணைக்க முப்பது வருஷமாகப் பழகின கை. வழிய விட வேண்டிய ஒரே ஒரு நாளில் அதற்கு யார் போய்ச் சொல்வது? ஏறின பால் பெருமூச்சு விட்டு இறங்கிவிட்டது. பரவாயில்லம்மா, காபி போடு என்றாள் கவி. காபி போட்டுக் குடித்தார்கள். ஆனால் பொங்காத பால் பொங்காத பால்தானே. பொங்கல் வைத்தே பழகின மனசுக்கு அது தெரியாதா. அன்றைக்கே இன்னொரு சட்டி பால் வைத்திருக்கலாம், இரண்டாவது தடவை வைத்தால் சாமி ஒத்துக்கொள்ளாதோ என்று இருந்துவிட்டாள்.

வளையல். ஆமாம், வளையல்தான். நாலு. மணி மூன்று. இன்னும் ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் இருக்கிறது, ஆறு வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஆறு என்ன பெரிய விஷயம், பத்து நிமிஷத்துக்கு ஒன்று வந்தால் போதும். பத்து நிமிஷம் போனது. இருபது நிமிஷம் போனது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு கட்டடங்களுக்கு இடையில் ஒரு முழம் அகலத்துக்கு ஏரி தெரியும், வெயில் பட்டுப் பளபளவென்று கிடந்தது. கீழே தள்ளுவண்டிக்காரர் கொத்தமல்லி கொத்தமல்லி என்று தமிழில் கூவிக்கொண்டு போனார். தை மாதக் குளிர் இந்த ஊரில் மத்தியானத்திலும் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாதத்தைச் சோபாவில் தூக்கி வைத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ? தூங்கினால் எப்படி எண்ணுவாள்? எழுந்து போய்ப் பார்க்கலாமா? போனால் கத்துவாள், கத்தினால் அதற்கு வேறு ரத்தக்கொதிப்பு ஏறும். தை மாதம். மார்கழியில் அழைக்கக் கூடாது, தை பிறக்கட்டும் என்றுதான் செல்வபாக்கியத்தை அழைக்க வேண்டிய அண்ணனும் அன்றைக்குச் சொன்னான். வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்ததும் வந்து அழைத்துக்கொள்கிறேன், ஒன்பதாம் மாதம் முழுக்க இருக்கிறதே, என்ன அவசரம் என்றான். வேண்டாம், அதை இப்போது நினைக்கக் கூடாது. முப்பத்திரண்டு வருஷமாக நினைக்கக் கூடாதென்று வைத்திருப்பதை இன்றைக்கா எடுப்பது? மொச்சையைப் பார். இந்த மொச்சைக்கு என்ன மணம், ஊர் மொச்சைக்கு இந்த மணம் கிடையாது, எண்ணெய் மாதிரி விரலில் ஒட்டுகிறது. தை பிறந்தும் அண்ணன் வரவில்லை, நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம் அன்றைக்கு. மாமியார் வீட்டில் பந்தி. மூன்று பந்திக்கு அவள்தான் ரசம் ஊற்றினாள், வயிற்றைச் சாய்த்துச் சாய்த்துக் குனிந்து. காலையிலிருந்தே உள்ளே சத்தமில்லை. சத்தமில்லை என்று முதல் பந்தியிலேயே தெரியும். யாரிடம் சொல்வது? மாமியார் வெற்றிலைத் தட்டோடு அலைந்துகொண்டிருந்தார், இவர் வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். நல்ல நாளில் இப்படி ஒன்றைச் சொன்னால் என்ன நினைப்பார்கள், ஒருவேளை நானாகப் பயப்படுகிறேனோ, பெரிய சீமாட்டி, ரசம் ஊற்ற வலிக்கிறதாக்கும் என்பார்களோ. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். சாயங்காலமும் வந்த ஆட்கள் கிளம்பவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். காலையில் ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை என்று மட்டும் சொன்னார்கள், கையில் கொடுக்கவில்லை. ஏம்மா, ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா என்று நர்ஸ் கேட்டதற்கு, நேத்து நல்லாத்தான் இருந்துச்சு என்று சொல்லிவிட்டாள். அந்தப் பொய்யை அவள் இவரிடம்கூட அவிழ்த்ததில்லை. அதற்குப் பிறகு பிறந்தவள்தான் உள்ளே படுத்திருக்கிறாள்.

டிங் டாங் என்று மணி அடித்ததும் சட்டியோடு எழுந்துவிட்டாள், தோலெல்லாம் தரையில். இந்த அழைப்புமணி காதுக்குள் தாம்பாளத்தைப் போட்ட மாதிரி கேட்கும். ஓடிப் போய்க் கதவைத் திறந்தால், அறைகளைச் சுத்தம் பண்ண வருகிற மினோதி, கை நிறைய வெள்ளை விரிப்புகளோடு நிற்கிறாள். அசாம் பக்கத்துப் பெண் என்று கவி சொல்லியிருந்தாள். அவளுக்குத் தமிழ் வராது, செல்வபாக்கியத்துக்கு அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் வராது. விரிப்பு மாற்ற வேண்டும் என்று அவள் கையால் காட்டினாள். வேண்டாம் என்று செல்வபாக்கியம் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக் காட்டினாள், தூக்கம். பிறகு என்ன தோன்றியதோ, தன் வயிற்றுக்கு முன்னால் பெரிசாக ஒரு வயிற்றை வரைந்து, அதன்மேல் கையை வைத்து, விரலை ஆட்டி, ஆடவில்லை என்று தலையை அசைத்தாள். எவளோ ஒரு பெண், பேர் மட்டும் தெரிந்தவள், இவளிடம் எதற்கு இது? மினோதியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. விரிப்புகளை ஷூ வைக்கிற பெட்டிமேல் வைத்துவிட்டு, செல்வபாக்கியத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மொச்சைப் பிசுக்கு ஒட்டிய கை. அப்படியே பிடித்தபடி வேறு ஒன்றும் செய்யாமல் நின்றாள். அப்போதுதான் உள்ளே வளையல் குலுங்கியது. சிணுங்கலா சொறிதலா என்று சந்தேகப்படவே இடமில்லாத குலுக்கல். இன்னொரு தடவை. எம்மா, பெல்லுச் சத்தத்துக்கு எந்திரிச்சிட்டான் போலம்மா, ரெண்டு, ரெண்டு வந்துச்சு என்று கவியின் குரல். செல்வபாக்கியம் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். தனக்கு இரண்டு பிள்ளைகளா என்று கேட்பதாக நினைத்தோ என்னவோ, மினோதியும் சிரித்துக்கொண்டே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, விரிப்புகளை எடுத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனாள்.

ஆறு. மூன்று முப்பத்தைந்து. திரும்பி வந்து உட்கார்ந்தாள், தரையில் சிந்தின தோலைப் பொறுக்கவில்லை. கவி என்ன சொன்னாள், சாப்பிடும்போது? ரசத்தைப் பிசைந்துகொண்டே, வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னாள். அம்மா, காலையிலேர்ந்து இது சும்மாவே கெடக்கும்மா, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு என்றாள். அவ்வளவுதான். யோசிக்கவில்லை, யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்கவில்லை, பந்தி முடியட்டும் என்று இருக்கவில்லை. தோன்றியது, சொல்லிவிட்டாள். சோற்றை விழுங்குவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. சொல்லிவிட்டாளே. செல்வபாக்கியத்தின் விரல்கள் மொச்சைக்குள் நின்றுவிட்டன. சம்பந்தியம்மா நல்லவர்தான், தங்கம்தான், ஆனால் அந்தப் பதினோராவது மாடியில் கவி இதைச் சொல்லியிருப்பாளா? லேப்டாப்பை மூடிவிட்டுச் சொல்லலாம், அத்தை தூங்கி எழுந்திரிக்கட்டும், அவர் ஆபீசிலிருந்து வரட்டும் என்று இருந்திருப்பாள். இருந்திருக்கவும் மாட்டாள், யார் கண்டது. ஆனால் இங்கே இருக்கவில்லை. இதற்குத்தானே ஒற்றைக் காலில் நின்றேன். சீருக்கும் வழக்கத்துக்கும் நின்றதாக எல்லாரும் நினைத்தார்கள், நானுமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயில் சோற்றோடு ஒரு பெண்ணுக்குப் பயத்தைச் சொல்ல ஒரு இடம் வேண்டாமா? வேகத்தடை தூக்கிப் போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும். பால் பொங்காவிட்டால் போகட்டும். பத்து வராவிட்டாலும் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி, கைப்பை கதவருகில் தயாராக இருக்கிறது, நாளைக்கு என்று ஒன்று இந்தத் தடவை கிடையாது. இப்படி நினைத்ததும் மார்பில் கிடந்த பாறாங்கல்லை யாரோ ஓரமாக உருட்டி வைத்தாற்போல் இருந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த ரசவாளிக்காரியைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இருபத்திமூன்று வயசு, அவளுக்கு என்ன தெரியும்? உள்ளே வளையல். ஏழு. பருப்பை வைக்கக் குனிவதற்குள் எட்டு. பெருமாளே, அடுக்கி அடுக்கிக் கொடுக்கிறாயே, இவ்வளவு நேரம் எங்கே வைத்திருந்தாய்? ஒன்பதாவதற்கு வளையல் குலுங்கவில்லை, விலாவுலயே உதைக்கிறான்மா கழுதை என்று கவி கத்தினாள், அதையும் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். மூன்று ஐம்பத்திரண்டுக்கு இரண்டு கை வளையலும் சேர்ந்து குலுங்கின, கல்யாண வீட்டுச் சத்தம். பத்து.

ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி டீப்பாயில் பத்து மொச்சைப் பருப்பு, பச்சையும் வெள்ளையுமாக. இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள், பத்துதான். எழுந்திருக்கும்போது சிரிப்பு வந்தது, கண்ணிலிருந்தும் என்னவோ வந்தது, இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிள்ளை பசியோடு இருக்கும், இரண்டு பிள்ளையும். பால் காய்ச்சி நாட்டுச் சர்க்கரை போட்டுக் கொடுக்கலாம் என்று எவர்சில்வர் சட்டியை எடுத்துப் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள். பித்தளைச் சட்டி மேலே அலமாரியில் சும்மா மினுக்கிக்கொண்டிருந்தது, ஊருக்குப் போனதும் கடையிலேயே திருப்பி வைத்துவிட வேண்டும், இதெல்லாம் பெங்களூருக்கு ஆகாது. அப்போது உள்ளே கவியின் போன் அடித்தது. மருமகனாகத்தான் இருக்கும், மத்தியானமே செய்தி அனுப்பியிருந்தாளே, அவரும் அங்கே எதை எண்ணிக்கொண்டிருந்தாரோ பாவம். பத்து வந்துருச்சு, இப்போதான், என்று கவி சொன்னாள். இல்ல, இல்ல, நல்லா உதைக்கிறான், உன்னைய மாதிரி மத்தியானம் தூங்கியிருக்கான், பெல்லடிச்சாத்தான் எந்திரிக்கிறான், என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே செல்வபாக்கியம் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரத்தில் நுரை கட்ட ஆரம்பித்திருந்தது. மருமகன் என்ன கேட்டாரோ, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள் என்று பயந்து அங்கே ஓடினாரோ என்னவோ, கவியின் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"ஆஸ்பத்திரிலயா? நான் எதுக்கு அங்கே போறேன்? எங்கம்மா வீட்லதான் இருக்கேன்."

செல்வபாக்கியத்தின் கை பட்டனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, பட்டனுக்குப் போகவில்லை. அம்மா வீட்டில். யோசித்துச் சொல்லவில்லை அவள், அம்மாவுக்குக் கேட்கட்டும் என்றும் சொல்லவில்லை, அந்த ரசச்சோறு மாதிரி வாயில் வந்ததைச் சொன்னாள். பால் ஏறியது, விளிம்பைத் தொட்டது, நின்று யோசிக்கவெல்லாம் இல்லை, நாலு பக்கமும் வழிந்து, கண்ணாடித் தகடெல்லாம் வெள்ளையாக ஓடி, மேடையில் இறங்கிக் காலடியில் சொட்டியது. அடுப்பு கீ கீ என்று கத்திவிட்டுத் தானாகவே அணைந்துகொண்டது. செல்வபாக்கியம் துணியை எடுக்கவில்லை.

"என்னம்மா அது, ஏதோ தீயுற வாசனை வருது?"

"ஒண்ணுமில்ல கவி. பால் பொங்கிருச்சு."